மறு: மனச்சாட்சியின் பேரில் படைக்கு வர மறுத்தவர் – ஒரு சொல் வேண்டும்

நண்பர்களே,
வெள்ளிக்கிழமைக்குள் ஓர் ஆவணப் பட்டியலைத் தமிழில் தரவேண்டும். பிரிட்டனில் 1916இல் கட்டாயப் படைச்சேவைச் சட்டம் வந்தபின் விலக்குக் கேட்டவர்களின் விண்ணப்பங்கள். போர் முடிந்ததும் பெரும்பாலானவற்றை அரசே அழிக்கச் சொல்லிவிட்டது. மிடில்செக்ஸ் வட்டாரத் தாள்கள் மாதிரிக்கென்று தப்பி, இன்று லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக்காப்பகத்தில் இருக்கின்றன. ‘கான்ஷியன்ஷியஸ் அப்ஜெக்டர்’ வரிக்கு வரி வருகிறது. விரித்து எழுதினால் கட்டத்துக்குள் அடங்கவில்லை.
– ந.

> விரித்து எழுதினால்

மனச்சான்று மறுப்பர். சாட்சி வடசொல். சான்று, சான்றோர், சால்பு மூன்றும் ‘சால்’ என்ற வேரில் கிளைத்தவை.
– செ.

ஐயா, அதே சான்றோர் பதிற்றுப்பத்தில் யார்? ‘சான்றோர் மெய்ம்மறை’ என்றால் வீரர்களுக்குக் கவசம். துப்பாக்கி தொடமாட்டேன் என்றவனுக்கு வீரன் வேரிலா பெயர்? அதைவிட, உங்கள் சொல்லை ‘மனச்சான்றை மறுப்பவர்’ என்று இரண்டாம் வேற்றுமைத்தொகையாகத்தான் படிப்பார்கள். ஆள் அயோக்கியனாகிவிடுகிறான்!
– வி.

அறமறுப்பர் என்றாலும் அதே வம்புதான். பேசாமல் ‘படைமறுப்பர்’ என்று வையுங்களேன், பள்ளிப் பிள்ளைக்கும் புரியும்.
– மு.

அண்ணா, புரியும், ஆனால் தப்பாகப் புரியும். சிலர் ஆயுதமேந்தாப் படைப்பிரிவில் சேர்ந்தார்கள், அதுவும் படைதான். சிலர் எந்த மாற்றுவேலையும் வேண்டாமென்று சிறைக்குப் போனார்கள். ‘போர்மறுப்பர்’ 1921இல் நெதர்லாந்தில் தொடங்கிய போர்மறுப்பாளர் அகிலம் என்ற அமைப்பின் பெயருக்கு வேண்டும். மெய்யியலாளர் பெர்ட்ரண்ட் ரஸ்ஸலும் போரை எதிர்த்தவர்தான். 1916இல் சட்டம் வந்தபோது வயது 43, சட்டம் அப்போது 41க்கு மேல் கேட்கவில்லை. அவர் பெயரில் அந்த ஆண்டு விண்ணப்பமே இருக்காது.

மனச்சாட்சியை மட்டும் விடமுடியாது. போரையே ஏற்காத கிறித்தவப் பிரிவான குவேக்கர் என்றால், விண்ணப்பத்தை விசாரித்த தீர்ப்பாயத்தார் கொஞ்சம் இறங்கிவந்தார்கள். கோயிலுக்குப் போகாத சோஷலிஸ்ட் வந்தால், இவனுக்கேது மனச்சாட்சி என்ற தோரணைதான். சட்டத்தின் அந்த விலக்குப் பிரிவிலோ மதம் என்ற பேச்சே இல்லை. இவர்கள் வழக்கே அந்த ஒரு சொல்லில்தான் நின்றது.
– ந.

அப்படியானால் சாட்சி ஆகாது. நம்மூரில் சாட்சி என்றாலே தெய்வசாட்சி. சான்றுதான்.
– செ.

சரி, ‘மனச்சான்றுப் போர்மறுப்பாளர்’ என்று அனுப்புகிறேன். வி., மு. இருவரும் அரைமனதாகச் சம்மதம்.
– ந.

எனக்குச் சம்மதமில்லை. ‘ஆளர்’ எதற்கு? அப்புறம், அங்கே ப் ஏன் மிகுந்தது?
– செ.