பேக்கப் ஓடியது, டேட்டா இல்லை: உங்கள் அனுபவம் என்ன?

நடுநிசி க்ரான்:
வேறொரு குழுவிடமிருந்து ஒரு டேட்டாபேஸ் எங்கள் கைக்கு வந்தது. பேக்கப் தினமும் ஓடுகிறது என்றார்கள். லாகிலும் எல்லாம் வெற்றிதான். ஃபோல்டரைத் திறந்தால் ஒவ்வொரு ஃபைலும் 20 பைட்! ஒன்றுமே இல்லாததை ஜிஸிப்புக்குள் (ஃபைலைச் சுருக்கும் கருவி) அனுப்பினால் வரும் அளவு அது.

பிஜி டம்ப் (போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸை நகலெடுக்கும் கருவி) தருவதைப் பைப் வழியாக, அதாவது ஒரு கட்டளையின் வெளியீட்டை அடுத்ததற்கு நேரே கொடுத்து, ஜிஸிப்புக்குத் தள்ளும் ஒற்றை வரி ஸ்கிரிப்ட். பாஸ்வேர்டு மாறியதிலிருந்து டம்ப் உள்ளேயே நுழையவில்லை. ஆனால் கட்டளைகளை ஓட்டும் ஷெல் பார்ப்பது பைப்பின் கடைசியில் நிற்கும் கட்டளையின் எக்ஸிட் கோடை (பூஜ்யம் என்றால் வெற்றி) மட்டும்தான். ஜிஸிப் தன் வேலையை முடித்துப் பூஜ்யம் தந்தது. குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் க்ரானுக்கு அது போதும். பாஷ் ஷெல்லில், பைப்பில் எது தோற்றாலும் தோல்வி என்று சொல்லும் பைப்ஃபெயில் ஆப்ஷனைப் போட்டிருந்தால் முதல் நாளே மாட்டியிருக்கும். போதாக்குறைக்கு, பிழைச் செய்திகளை, எதைப் போட்டாலும் மறைந்துபோகும் டெவ் நல்லுக்குத் திருப்பி வைத்திருந்தார்கள். பழைய ஃபைல்களை அழிக்கும் வரி மட்டும் ஒருநாள்கூடத் தவறவில்லை, கடைசி நல்ல பேக்கப் வரை துடைத்துவிட்டது.

பழைய டிபிஏ:
ஃபைல் பெரிதாக இருந்தாலும் நம்ப முடியாது. எங்களுடையது மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ். ரீஸ்டோர் (பேக்கப்பிலிருந்து மீட்பது) சுத்தமாக முடிந்தது, அப்ளிகேஷன்தான் ஓடவில்லை. அதன் பேக்கப் கருவியான மைஎஸ்க்யூஎல்டம்ப், ட்ரிகர்களைத் (டேபிள் மாறும்போது ஓடும் நிரல்கள்) தானாக எடுக்கும். ஸ்டோர்டு ப்ரொசீஜர் (டேட்டாபேஸுக்குள் சேமித்த நிரல்) வேண்டுமென்றால் ரொட்டீன்ஸ் ஆப்ஷனை நாம்தான் கொடுக்க வேண்டும். நேரம் குறித்து ஓடும் ஈவென்ட்டுகளுக்கும் தனி ஆப்ஷன். பழைய சர்வரை இன்னும் அணைக்காததால் தப்பினோம்.

செமிகோலன்:
மென்பொருள் நிரல்களைச் சேமித்து வைக்கும் தளமான கிட்லேபில் 2017 ஜனவரி 31 அன்று டேட்டா தவறுதலாக அழிந்ததை அவர்களே வெளிப்படையாக எழுதியிருக்கிறார்கள், தேடிப் படியுங்கள். டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ் 9.6, டம்ப் கருவியோ 9.2. பதிப்பு பொருந்தாமல் பேக்கப் நின்றுபோயிருந்தது. பிழை மெயில் போகத்தான் செய்தது; அனுப்பியவர் உண்மையானவரா என்று பார்க்கும் டிமார்க் சரிபார்ப்பில் தேறாததால் மெயில் சர்வர் நிராகரித்துவிட்டது. டேட்டா அழிவதற்குச் சுமார் 6 மணி நேரம் முன் ஒரு இன்ஜினியர் வேறு வேலைக்காகக் கையால் எடுத்த ஸ்னாப்ஷாட்தான் (அந்த நேரத்து நகல்) காப்பாற்றியது. அதற்குப் பிந்திய டேட்டா போனது போனதுதான்.

நடுநிசி க்ரான்:
அதனால்தான் தோல்வி மெயிலை நான் நம்புவதில்லை. இப்போது தனி சர்வரில் தினமும் ரீஸ்டோர் ஆகி, முக்கியமான டேபிளின் கடைசி வரிசையில் நேற்றைய தேதி இருந்தால்தான் 'வெற்றி' செய்தி கிளம்பும். காலைக்குள் அது வராவிட்டால் அலாரம்.

பழைய டிபிஏ:
சரி, அந்த அலாரம் ஓடுவது எந்த சர்வரில்?