நாளை ஸ்பெயினில் பத்ரோன் (முகவரிப் பதிவேடு) பதிவு, ஸ்பானிய வினைச்சொல் வாயில் நுழையவில்லை. உதவுங்கள்!

மதுரைப்பெண்: வணக்கம். நாளை காலை நகராட்சியில் முகவரிப் பதிவு. கணவருக்கு வேலை, தனியாகத்தான் போகிறேன். 'ஆப்லார்' (பேசுதல்) என்று படித்தால் ஆப்லோ, ஆப்லாஸ், ஆப்லா என்று மாறிக்கொண்டே போகிறது. எதை மனப்பாடம் செய்வது? பயமாக இருக்கிறது.

பழையகுடி: எந்த ஊர் என்று சொல்லவில்லையே தங்கச்சி? பார்சிலோனா என்றால் அந்தப் பகுதி மொழியான கத்தலானும் காதில் விழும். நான் வந்த புதிதில் உணவகத்தில் பாத்திரம் கழுவினேன். சமையற்காரர் கத்தக் கத்த மொழி வந்தது. இலக்கணப் புத்தகத்தை மூடிவையுங்கள்.

வலென்சியாவாசி: அண்ணா, நாளைக்குப் போகிறவரிடம் இப்படிச் சொல்லலாமா? விகுதியைப் பிடித்துக்கொள்ளுங்கள் சகோதரி. 'ஆர்' போய்விடும், அந்த இடத்தில் நான், நீ, அவர், நாங்கள், நீங்கள் (பலர்), அவர்கள் என்ற வரிசையில் ஓ, ஆஸ், ஆ, ஆமோஸ், ஆயிஸ், ஆன். பேசுகிறேன், பேசுகிறாய் என்பதுபோல விகுதியே ஆளைக் காட்டிவிடுவதால் 'நான்' என்பதற்கான 'யோ' பெரும்பாலும் வேண்டாம். அலுவலரை மரியாதையாக 'உஸ்தேத்' (நீங்கள்) என்றால் வினை 'அவர்' வடிவம்தான்: ஆப்லா.

பழையகுடி: ஆறு விகுதியும் தெரிந்து என்ன பயன்? அவர்கள் பேசும் வேகத்தில் ஒன்றும் பிடிபடாது.

மாட்ரிட்அக்கா: வேகத்தை விடுங்கள், முன்பதிவு கிடைப்பதே பெரும்பாடு! எப்போது திறந்தாலும் இடமில்லை என்றே வரும். நம் பெயரை ஒரு முறையாவது சரியாக எழுதுகிறார்களா?

பழையகுடி: அதைச் சொல்லுங்கள். என் அப்பா பெயரைக் குடும்பப்பெயராக்கி, என்னையே அப்பா பெயரால்தான் கூப்பிட்டார்கள்.

வலென்சியாவாசி: நாளைய காரியத்துக்கு வருவோம். வாடகை ஒப்பந்தம் யார் பெயரில்? கணவர் பெயரில் மட்டும் என்றால், பொதுவாக அவர் கையெழுத்திட்ட அனுமதியும் அடையாள ஆவண நகலும் கேட்பார்கள். உங்கள் பாஸ்போர்ட் அசலாக இருக்கட்டும். போனதும், "நெதெசித்தோ எம்பத்ரோனார்மே" என்று சொல்லுங்கள். பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று பொருள். நெதெசித்தார் ஒழுங்கான 'ஆர்' வினை. வசிப்பதற்கு 'பிவிர்', இது 'இர்' வினை: பீவோ, பீவெஸ், பீவெ, பிவீமோஸ், பிவீஸ், பீவென். "பிவீமோஸ் என் லா காயே" (இந்தத் தெருவில் வசிக்கிறோம்) என்று தொடங்கித் தெருப்பெயர் சொன்னால் இருவருக்கும் சேர்த்தாயிற்று. எப்போதிலிருந்து என்று கேட்டால், "பீவோ ஆக்கீ தெஸ்தே எனேரோ", ஜனவரியிலிருந்து இங்கே வசிக்கிறேன். இறந்தகாலம் தேடாதீர்கள், நிகழ்காலமே சரி.

மதுரைப்பெண்: ஒப்பந்தம் அவர் பெயரில்தான் அண்ணா! தூங்குகிறார், எழுப்பிக் கையெழுத்து வாங்குகிறேன். நாங்கள் வந்தது மார்ச்சில். 'மார்த்தோ' என்றால் சரிதானே?

வலென்சியாவாசி: சரி. தெஸ்தே மார்த்தோ.