ஒரே ஒரு சின்ன விஷயம், தினமும்: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்க

தூறல்

ஃப்ரோசன் ஷோல்டர், அதாவது தோள் மூட்டு இறுகி வலிக்கிற நோய், வந்தவங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ராத்திரி அந்தப் பக்கம் திரும்பிப் படுத்தா உயிர் போய் உயிர் வரும். வீடியோ பார்த்துப் பார்த்து பதினெட்டு பயிற்சி சேர்த்தேன். அட்டவணை போட்டு முதல் நாள் ஒன்றரை மணி நேரம் செஞ்சேன். அடுத்த நாலு நாள் கையைத் தூக்கவே முடியலை. மறுபடி ஆரம்பிப்பேன், மறுபடி படுப்பேன். ரெண்டு மாசம் இப்படியே போச்சு.

பிசியோதெரபிஸ்ட் அந்த அட்டவணையை முழுசாப் படிச்சாங்க. மடிச்சு என் கையிலயே கொடுத்துட்டு ரெண்டே பயிற்சி சொன்னாங்க. ஒண்ணு, குனிஞ்சு நின்னு கையைத் தொங்கவிட்டு மெதுவா ஆட்டணும். இன்னொண்ணு, சுவர்ல விரலை வெச்சு நண்டு ஊர்ற மாதிரி மேலே ஏத்தி, நிக்கிற இடத்துல பென்சில் கோடு போடணும். எனக்கு வந்த கோபம்! இதுக்கா இத்தனை நாள் காத்திருந்து வந்தோம்னு.

அடுத்த வாரம் போனப்போ அவங்க முதல்ல வலியைப் பத்திக் கேக்கலை. "எத்தனை நாள் பண்ணுனீங்க?"ன்னு கேட்டாங்க. மூணு நாள்னேன். திட்டு விழும்னு நெனச்சேன். "நாளைக்குப் பல் தேய்ச்சதும் சுவர்கிட்ட போய் நில்லுங்க. கை ஏறலைன்னாலும் கோடு போடுங்க"ன்னாங்க.

அந்த "ஏறலைன்னாலும்" இன்னும் காதுல இருக்கு. சில நாள் கோடு நேத்தைக்கும் கீழே நிக்கும். ஒரு கட்டத்துல மூணு வாரம் ஒரே இடத்துல கோடு மேல கோடு விழுந்து கறுப்புப் பட்டையே ஆயிடுச்சு. ஏழாவது மாசம் அந்தப் பட்டைக்கு ஒரு முழம் மேலே விரல் போச்சு. வீட்டுக்கு பெயிண்ட் அடிச்சப்போ அந்தச் சுவரை மட்டும் விடச் சொல்லிட்டேன்.

நிழல்மரம்

எனக்கு உடம்பு இல்லை, மனசு. அப்பா போய் நாலு மாசம் ஆகியும் அறையை விட்டு வெளியே வரலை. கவுன்சலர் கொடுத்த வேலை ஒண்ணே ஒண்ணு. காலையில ஜன்னலைத் திறந்து, வெளியே தெரியறதை ஒரே வரியில நோட்டுல எழுதணும்.

"எதிர்மாடியில சிவப்புத் துண்டு." பதினோரு நாள் தொடர்ந்து இதே வரிதான். வேற எதையும் பார்க்கத் தோணலை. பன்னிரண்டாவது நாள் எழுதப் போனா, கொடியில துண்டைக் காணோம். யார் எடுத்திருப்பாங்க, ஊருக்குப் போயிட்டாங்களா, உடம்பு சரியில்லையான்னு ஜன்னல் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு ரொம்ப நேரம் நின்னேன். அப்பா போனதுக்கு அப்புறம் இன்னொரு மனுஷரைப் பத்தி நான் யோசிச்சது அன்னைக்குத்தான். இதை கவுன்சலர்கிட்டச் சொல்றதுக்குள்ள அவங்க வேற இடத்துக்கு மாறிப் போயிட்டாங்க. அதான் இங்க எழுதறேன்.

புதியவன்

எதையும் 21 நாள் விடாம செஞ்சா பழக்கமாயிடும்னு சொன்னாங்க. தியானம் 21 நாள் கணக்கா செஞ்சேன். 22-ஆம் நாள் உட்காரவே முடியலை. என்கிட்ட என்ன குறைன்னு தெரியலை.

வழித்துணை

தம்பி, உங்களிடம் ஒரு குறையும் இல்லை. அந்த 21 நாள் கணக்கின் மூலத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற பிளாஸ்டிக் சர்ஜன் 1960-ல் எழுதியது அது. அறுவை சிகிச்சைக்குப் பின் தங்கள் புது முகம் பழகக் குறைந்தது ஏறக்குறைய 21 நாளாவது ஆகிறது என்று தன் நோயாளிகளைக் கவனித்துச் சொன்னார். "குறைந்தது" என்ற சொல் வழியில் எங்கோ உதிர்ந்துவிட்டது. தியானத்தைப் பற்றி அவர் சொன்னதல்ல.

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை 12 வாரம் தொடர்ந்து பார்த்து, 2010-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரு செயல் பழக்கமாக ஆன நாட்களின் நடுமதிப்பு 66. சிலருக்கு 18 போதும், சிலருக்கு 254 கூட ஆகலாம் என்று, பார்த்த போக்கை வைத்துக் கணக்கிட்டார்கள். தண்ணீர் குடிப்பது போன்றவை சீக்கிரம் ஒட்டின, உடற்பயிற்சிக்குக் கூடுதல் நாள் பிடித்தது. எனக்கு மிகவும் பிடித்த முடிவு: நடுவில் ஒரு நாள் தவறினால் பழக்கம் கெட்டுவிடவில்லை.

ஆகவே தியானத்தை இரண்டு நிமிடமாகக் குறையுங்கள். ஏற்கெனவே தவறாமல் செய்கிற ஒரு வேலையோடு முடிச்சுப் போடுங்கள். தூறல் பல் தேய்த்ததும் சுவருக்குப் போனது அதுதான். நிழல்மரம் ஜன்னல் திறந்ததும் சின்ன வேலையல்ல. உளவியல் ஆய்வாளர் நீல் ஜேக்கப்சனின் குழு 1996-ல் மனச்சோர்வுக்கான சிகிச்சையைப் பகுதி பகுதியாகப் பிரித்துப் பார்த்தபோது, மனிதரைச் செயலில் இறக்கும் பகுதி தனியாகவே முழுச் சிகிச்சைக்கு இணையாகப் பலன் தந்தது.

என் கதை சின்னது. மணமுறிவுக்குப் பின் தினமும் தெருமுனை வரை நடந்தேன். இப்போதும் நடக்கிறேன்.

கடல்நுரை

வழித்துணை, கோவிச்சுக்காதீங்க. 66, 254ன்னு நம்பர் சொன்னா புதியவன் மாதிரி ஆளுங்க நாளை எண்ண ஆரம்பிச்சுடுவாங்க. நான் எண்ணினவ. பழக்கத்தை நாள் கணக்கு வைக்கிற ஆப்ல 143 நாள் விடாம வந்திருந்தேன். திடீர்னு ஆபரேஷன். மயக்கம் தெளிஞ்சதும் தலைமாட்டுல துழாவி போனை எடுத்தா, பூஜ்யம். வயித்துல தையல் இழுக்க இழுக்க அந்தப் பூஜ்யத்துக்காக அழுதேன். நர்ஸ் வலின்னு நெனச்சு ஓடி வந்தாங்க. 143 நாள் நான் செஞ்சது எங்கே போச்சு? அதுக்கப்புறம் ஒரு வருஷம் எதையும் தொடலை. விடாம செய்யணும்கிற பேச்சே சிலரை உடைச்சுப் போடும்.

வழித்துணை

மன்னியுங்கள் அம்மா. ஒரு நாள் தவறினால் கெடாது என்பதை முதல் வரியிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

தூறல்

கடல்நுரை, நீங்க எழுதினதைப் படிச்சுட்டு நேரா அந்தச் சுவர்கிட்டப் போனேன். நடுவுல காய்ச்சல்ல ஒன்பது நாள் கோடு போடலை. ஊருக்குப் போனப்போ ஒரு வாரம் போடலை. அந்த நாளெல்லாம் எங்கன்னு விரலை வெச்சுத் தேடினேன். கண்டுபிடிக்க முடியலை. கோட்டுக்குப் பக்கத்துல தேதி எழுதச் சொல்லி பிசியோதெரபிஸ்ட் சொல்லவே இல்லை.

ஒரு மாசமா இடது தோள் இறுகுது. நேத்து அதே சுவர்ல கொஞ்சம் தள்ளி முதல் கோடு போட்டேன். இடுப்பு உயரத்துலதான் நிக்குது.