மேட்ரிக்ஸில் மொத்தம் மட்டும் ஒத்துப்போகவில்லையா? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

மண்டபம் கணக்கர்:
பவர் பிஐ என்ற அறிக்கை மென்பொருளில் நண்டுக் கொள்முதல் மேட்ரிக்ஸ், அதாவது குறுக்கு அட்டவணை. வரிசையில் படகுத்துறைகள், நெடுவரிசையில் மாதங்கள், உள்ளே நமக்கு நண்டு போட்ட படகுகளின் எண்ணிக்கை. மாடல், அதாவது அறிக்கைக்கு அடியில் உள்ள தரவுத் தொகுப்பு, தலைமை அலுவலகத்துடையது. நேரடி இணைப்பு என்பதால் மெஷர் (கணக்குச் சூத்திரம்) எழுதுவதோடு சரி. அட்டவணையில் கை வைக்க முடியாது.

முதலாளி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, திரையில் விரல் வைத்து ஒரு மாதத்தைக் கூட்டினார். பாம்பன் 42, தங்கச்சிமடம் 31, மண்டபம் 27. நூறு. அடியில் நிற்பதோ 86. விரல் அந்த 86 மீதே நின்றது. “மீதிப் படகுகள் யாருக்கு நண்டு போட்டன?” என்று ஏஜென்ட்டைக் கேட்டார். ஏஜென்ட் என்னை முறைத்தார்.

காற்று மாறும்போது வடகடலில் கிடந்த படகைத் தென்கடலுக்கு மாற்றிக் கட்டுவது இவர்கள் அறியாததல்ல. ஒரே படகு இரண்டு துறையிலும் எடை போட்டிருக்கும். துறைவாரியாக எண்ணினால் இரண்டு முறை, மொத்தத்தில் ஒரு முறை. சொல்லிப் பார்த்தேன். “கூட்டினால் வராதது என்ன கணக்கு?” என்றார். அந்தக் கேள்வி இன்னும் உறுத்துகிறது.

தொண்டி நண்டுக்கடை:
இதற்கு இத்தனை விளக்கம் எதற்கு? ஒரே மதிப்புதான் இருக்கிறதா என்று பார்க்கும் ஹேஸ்ஒன்வேல்யூ போட்டு, மொத்த வரியில் கூட்டுத்தொகை வரும்படி எழுதிக் கொடுத்துவிட்டு வேலையைப் பாருங்கள். கேட்டவருக்குக் கேட்டது கிடைக்கட்டும்.

எனக்கு வந்தது சராசரி விலையில். தொண்டியில் கிலோ 500 ரூபாய்க்கு 10 கிலோ, பாம்பனில் 400 ரூபாய்க்கு 90 கிலோ. அறிக்கை 410 என்றது. ஏஜென்ட் 450 என்று சத்தியம் செய்தார். அவர் குரல் கேட்டு ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தவர்கள்கூட நிறுத்திவிட்டார்கள்.

கீழக்கரை:
தொண்டி காக்கா, உங்கள் ஏஜென்ட் சொன்ன 450-ஐயும் எழுதிக் கொடுத்துவிடுவீர்களா? 41,000 ரூபாய்க்கு 100 கிலோ வாங்கினால் 410-தான். கேட்டவர் கேட்டதையெல்லாம் மொத்த வரியில் வைத்தால் அது அறிக்கையா, மொய் நோட்டா?

என் கதை வங்கியில் நடந்தது. குளிர்பதனக் கிடங்கில் உள்ள இறால் இருப்பை மாதவாரியாகக் காட்டினோம். ஏப்ரல், மே, ஜூன் மாதக் கடைசி இருப்பு மூன்றையும் கூட்டி, வலது ஓரத்தில் மொத்தம் என்று கொட்டை எழுத்தில் வந்துவிட்டது. கடன் பிரிவு அதிகாரி பேனா மூடியால் அந்தக் கட்டத்தைத் தட்டினார். “ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடை. இவ்வளவு இறால் எந்தக் கடலில் பிடித்தீர்கள்?” பக்கத்தில் இருந்த எங்கள் மேலாளர் கூரை மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இருப்பு என்பது மாதத்துக்கு மாதம் கூட்டுகிற சரக்கல்ல. கடைசித் தேதியில் உள்ளதுதான் மொத்தம். அந்த மாடலில் தனித் தேதி அட்டவணையும் இல்லை. இருப்பு அட்டவணையில் உள்ள தேதியிலேயே மேக்ஸ் (கடைசித் தேதி) எடுத்து, அந்த நாளுக்கு மட்டும் கால்குலேட் (வடிகட்டிக் கணக்கிடுவது) போட்டு முடித்தோம்.

ஏர்வாடி டாக்ஸ்:
எனக்குப் பெரிய கதை ஒன்றுமில்லை. கடல்பாசி வியாபாரத்தில் ஈரப் பாசிக்குக் காய்ந்த பாசி எத்தனை விழுக்காடு என்று ஒரு மேட்ரிக்ஸ். ஊர்வாரி விழுக்காடுகளை ஒருவர் கூட்டி நூறைத் தாண்டவிட்டார், அவ்வளவுதான். ஆனால் மேலே சொல்லப்பட்ட ஹேஸ்ஒன்வேல்யூவைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

துறைக்குக் கீழே படகு என்று இரண்டு அடுக்கு வைத்திருந்தால், ஒரே ஒரு படகு வந்த துறையின் துணை மொத்தத்தையும் அது படகு வரி என்றே எடுத்துக்கொள்ளும். அதற்குப் பதிலாக உள்ள இஸ்இன்ஸ்கோப் எந்த அடுக்கில் நிற்கிறோம் என்றுதான் பார்க்கிறது. 2018-இல் வந்தது, இன்னும் பலர் தொடுவதில்லை.

அடுத்தது, கூட்டுத்தொகைதான் வேண்டும் என்றால் துறைப் பெயர்களின் வேல்யூஸ் (தனித்தனிப் பெயர்ப் பட்டியல்) மீது சம்எக்ஸ் (ஒவ்வொன்றாகக் கணக்கிட்டுக் கூட்டுவது) ஓடவிட்டு, உள்ளே ஏற்கெனவே எழுதிய மெஷரைக் கூப்பிடுங்கள். தனிப் படகுகளை எண்ணும் டிஸ்டிங்ட்கவுண்டை நேராக உள்ளே எழுதினால் ஒவ்வொரு துறைக்கும் வடிகட்டாமல், 86 மூன்று முறை கூடி 258 வந்து நிற்கும். மெஷராக இருந்தால் அது தானாகவே அந்தந்தத் துறைக்கு மாறிக்கொள்ளும். இல்லையென்றால் கால்குலேட்டால் சுற்ற வேண்டும்.

இதுவும் கீழ் வரியை மட்டும்தான் சரிசெய்யும். வலது ஓரத்தில் மாதங்களின் மொத்தமும் கூடி வர வேண்டுமென்றால் துறையையும் மாதத்தையும் சேர்த்து ஓட வேண்டும். அதற்கு இரண்டும் மாடலில் நெடுவரிசைகளாக இருந்தாக வேண்டும். ‘பெரிய நண்டு, சின்ன நண்டு’ என்று நீங்களே மனத்தில் பிரித்து வைத்திருக்கும் தரம் மாடலில் இல்லையென்றால் அதன்மீது ஓட இடமில்லை. தலைமை அலுவலகத்துக்குக் கடிதம்தான். 2024-இல் முன்னோட்டமாக வந்த விஷுவல் கால்குலேஷன் (காட்சிக்குள்ளேயே எழுதும் கணக்கு) அந்தக் காட்சியோடு மட்டும் தங்கும், மாடலைத் தொடாது. அதையும் பாருங்கள்.

தொண்டி நண்டுக்கடை:
கதை இரண்டு வரி, பாடம் இரண்டு பக்கம். ஆனாலும் அந்த ஒற்றைப் படகு விஷயம் எனக்கும் தெரியாதது.

மண்டபம் கணக்கர்:
இரண்டு மெஷரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டேன். ஒன்று ‘துறைவாரிக் கூட்டு’ 100, மற்றது ‘தனிப் படகுகள்’ 86. அடி வரியின் பெயரை வடிவமைப்புப் பகுதியிலேயே மாற்ற முடிகிறது. ‘மொத்தம்’ என்பதை எடுத்துவிட்டு ‘எல்லாத் துறையும்’ என்று போட்டேன். முதலாளி இப்போது 14 படகுகளின் பெயர்ப் பட்டியல் கேட்கிறார். மாடலில் படகு எண் மட்டும்தான் இருக்கிறது, பெயர் இல்லை. நெடுவரிசை சேர்க்காமல் இதற்கு ஏதாவது வழி உண்டா?