தோல் லிம்போமாவோடு இருக்கும் பெரியப்பாவுக்காக ஒரு உதவி

அண்ணாச்சிமார், அக்காமார் எல்லாருக்கும் வணக்கம். கல்லிடைக்குறிச்சியில் இருக்கும் எங்கள் பெரியப்பாவுக்கு மைக்கோசிஸ் ஃபங்காய்டஸ். தோலில் வரும் டி-செல் லிம்போமா, அதாவது டி-செல் என்ற வெள்ளை அணுக்களில் வரும் ஒருவகைப் புற்றுநோய். படை என்று நினைத்து ரொம்ப நாள் களிம்பு போட்டு, கடைசியில் பயாப்ஸியில் தெரிந்தது. இந்த நோயில் அது சகஜமாம். ஆரம்பக் கட்டம்தான், பலர் இதோடு நெடுங்காலம் இருக்கிறார்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

பாடாய்ப் படுத்துவது அரிப்பு. பகல் எப்படியோ ஓடிவிடுகிறது. ராத்திரி கரண்டும் போனால் விடிய விடிய உட்கார்ந்திருக்கிறார். இது தொற்றவே தொற்றாது. ஆனாலும் படித்துறையில் அவர் இறங்கினால் பக்கத்து ஆட்கள் நகர்ந்துவிடுகிறார்கள். கல்யாண வீட்டுப் பந்திக்குப் போவதையும் நிறுத்திவிட்டார். எத்தனை பேரிடம்தான் விளக்கிக்கொண்டிருப்பது!

நேரோபேண்ட் யுவிபி என்ற புற ஊதா ஒளி சிகிச்சை வாரம் இரண்டு மூன்று தரம், மாதக்கணக்கில் எடுக்க வேண்டுமாம். பாளையங்கோட்டை, அம்பை, தென்காசிப் பக்கம் அந்த வசதி எங்கே இருக்கிறது, என்ன செலவாகும்? செங்கோட்டை ரயிலில் போய்த் திரும்ப முடிந்தால் நல்லது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை செல்லுமா?

அப்புறம், இதே நோய் உள்ளவர்கள் ராத்திரி அரிப்பை எப்படிச் சமாளிக்கிறீர்கள்? குளித்த ஈரத்தோடு வாசலின் தடவினால் கொஞ்சம் கேட்கிறது. கேபாபென்டின் மாத்திரை யாருக்காவது தூக்கம் கொடுத்ததா? டாக்டரிடம் பேசுவதற்காகத்தான் கேட்கிறேன். பச்சிலை யோசனை மட்டும் வேண்டாம், அதற்குச் சொந்தக்காரர்களே போதும். பெரியப்பாவோடு போனில் பேச இதே நோய்க்காரர் ஒருத்தர் கிடைத்தால் இன்பாக்ஸில் சொல்லுங்கள்.