கோயில் நிலத்தில் பயிரிடுபவருக்குக் கிசான் பணம் கிடையாதா?

விவசாயிகளுக்கு மத்திய அரசு நேரடியாகப் பணம் தரும் பிஎம் கிசான் திட்டத்தில் தவணை நின்றுபோனது பற்றி இங்கே பலரும் எழுதியிருக்கிறீர்கள். நான் திருவாரூர் மாவட்டம். ஓ.டி.பி., ஆதார் என்று ஏதாவது வந்தால் அக்கம்பக்கத்தினர் போனை எடுத்துக்கொண்டு என்னிடம்தான் வருவார்கள். அப்படிப் பார்த்ததில் இரண்டைச் சொல்கிறேன்.

பக்கத்து வீட்டுப் பெரியம்மாவுக்குச் சொந்தப் பட்டா உண்டு. இணையத்தில் பார்த்தால் தவணை 2000 ரூபாய் போய்விட்டதாகக் காட்டுகிறது, பாஸ்புக்கில் வரவே இல்லை. "என் பணத்த யாராச்சும் எடுத்துட்டாங்களா தம்பி?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். யாரும் எடுக்கவில்லை. நூறு நாள் வேலைக்காக வேறொரு வங்கியில் கணக்கு தொடங்கியிருக்கிறார், ஆதார் கடைசியாக அங்கேதான் இணைந்திருக்கிறது. பணம் ஆதாரைப் பிடித்துக்கொண்டு அந்தக் கணக்குக்கே போயிருக்கிறது. உங்கள் வீட்டிலும் இப்படி இருந்தால், ஆதார் எந்த வங்கியோடு இணைந்திருக்கிறது என்பதை முதலில் பாருங்கள்.

அப்புறம் கேஒய்சி, அதாவது பணம் வாங்குபவர் இவர்தான் என்று ஆதாரை வைத்து உறுதிசெய்வது. பெரியம்மாவுக்கு நாற்று நட்டு நட்டு ரேகையே தேய்ந்த விரல், இ-சேவை மையத்துக் கருவியில் எத்தனை முறை வைத்தாலும் பிடிக்கவில்லை. 2023-ல் முகத்தைக் காட்டிச் செய்யும் வசதி பிஎம் கிசான் செயலியில் வந்தது. திண்ணையில் வெளிச்சம் பார்த்து உட்காரவைத்து, கண்ணைச் சிமிட்டச் சொல்லி முடித்தேன்.

சரி, இதெல்லாம் அலைந்தால் தீர்ந்துவிடும். அலைந்தும் தீராதது எங்கள் மாமா விஷயம். அவர் பயிரிடுவது கோயில் நிலம். அவருடைய தாத்தா காலத்திலிருந்து குத்தகை. டெல்டாவில் இப்படி எத்தனை குடும்பங்கள் என்று உங்களுக்கே தெரியும். விதை, உரம், ஆள்கூலி, அறுப்பு மெஷின் வாடகை எல்லாம் அவர் கைக்காசு. ஆனால் திட்ட விதிப்படி 2019 பிப்ரவரி 1 நிலவரப்படி விளைநிலம் அவரவர் பெயரில் இருக்க வேண்டும். (அதற்குப் பிறகு உரிமையாளர் இறந்து வாரிசுக்கு வந்த நிலத்துக்கு மட்டும் விலக்கு உண்டு.) குத்தகைக்காரருக்கு இடமே இல்லை. ஆண்டுக்கு 6000 ரூபாய் பெரிய தொகை இல்லைதான், ஆனாலும் நடவு நேரத்தில் கையில் 2000 ரூபாய் வந்தால் கடைக்காரரிடம் உர மூட்டைக்குக் கடன் சொல்ல வேண்டியதில்லை.

2020-ல் நடந்ததை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி உட்படப் பல மாவட்டங்களில் இதே திட்டத்தில் தகுதியில்லாத சுமார் ஐந்தரை லட்சம் பேர் சேர்க்கப்பட்டு, 110 கோடி ரூபாய் அளவுக்குப் பணம் போனது. சிபிசிஐடி விசாரித்தது. அதில் பலர் இடைத்தரகர் கேட்டார் என்று ஆதார் நகலைக் கொடுத்த ஏழைகள், அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நிலமே இல்லாதவர் பெயர் பட்டியலில் ஏறியபோது, சேற்றில் நிற்கிற மாமா பெயர் ஏறவில்லை.

குத்தகைக்காரரை அடையாளம் காண வழியில்லை என்று சொல்வதை நான் ஏற்க மாட்டேன். பயிர்க் காப்பீட்டில் குத்தகை விவசாயியும் சேரலாம். இந்த நிலத்தில் இவர் சம்பா போட்டிருக்கிறார் என்று வி.ஏ.ஓ. அடங்கல் கொடுக்கிறார், மாமா ஒவ்வொரு வருஷமும் அதை வைத்துத்தான் பிரீமியம் கட்டுகிறார். அந்த அடங்கலை இதற்கும் ஏற்றுக்கொண்டால் என்ன?

நாகை, மயிலாடுதுறை பக்கம் கோயில் நிலமோ மடத்து நிலமோ பயிரிடுபவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள். குத்தகைப் பதிவு செய்து வைத்திருக்கிறீர்களா? அதை வைத்துக் கூட்டுறவு வங்கியில் பயிர்க்கடனாவது கொடுத்தார்களா? மாமாவுக்கு அடுத்து அதைத்தான் செய்து பார்க்கலாம் என்றிருக்கிறேன்.