மூணு மாசத்துல முடிக்க வேண்டிய மனு எங்கே நிக்குது?

கொழிஞ்சாம்பாறை அம்மா:
என் மகள் இங்க கேரளாவுல தமிழ் மீடியத்துல ஏழாவது படிக்கறா, அரசுப் பள்ளி. ஜூன்ல வந்த கணக்கு டீச்சருக்குத் தமிழ் வாசிக்க வராது. போர்டுல மலையாளம், புள்ளைங்க கையில தமிழ்ப் புத்தகம். பெற்றோர் எல்லாரும் கையெழுத்துப் போட்டு தமிழ் தெரிஞ்ச டீச்சர் வேணும்னு ஜூலையிலயே ஏஇஓ (உதவிக் கல்வி அலுவலர்) ஆபீஸ்ல மனு கொடுத்தோம். ஓணப் பரீட்சை முடிஞ்சு கிறிஸ்துமஸ் பரீட்சையும் வந்தாச்சு. கேட்டா "மேல அனுப்பியிருக்கு"ங்கறாங்க.

சித்தூர் மாஷ்:
வருத்தம் புரியுதுங்க. ஆனா ஏஇஓ நினைச்ச உடனே டீச்சரைப் போட முடியாது. பள்ளி திறந்து ஆறாவது வேலைநாள்ல எடுக்கற பிள்ளைகள் கணக்கை வெச்சுத்தான் பணியிடமே முடிவாகும். தமிழ் மீடியத்துக்கு பிஎஸ்சி, அதாவது கேரள அரசுப் பணியாளர் தேர்வாணையம், போடறது தனி ரேங்க் லிஸ்ட். அதுல ஆள் தீர்ந்தா மறுபடி அறிவிப்பு, பரீட்சை, இன்டர்வியூ. ஆபீஸ்ல இருக்கறவங்களைத் திட்டி என்ன ஆகப்போகுது?

கொழிஞ்சாம்பாறை அம்மா:
டீச்சர் வர லேட்டாகறது வேற, மனுவுக்குப் பதிலே வராதது வேறங்க மாஷ். 2009 கல்வி உரிமைச் சட்டம் 32ஆம் பிரிவுல, புகார் வந்தா ரெண்டு தரப்பையும் கேட்டு 3 மாசத்துல முடிவு சொல்லணும்னு இருக்கு. அந்த முடிவு சரியில்லைன்னா குழந்தைகள் உரிமை ஆணையத்துக்கு மேல்முறையீடு போகலாம். "லிஸ்ட்ல ஆள் இல்லை, தினக்கூலிக்கு எடுக்கறோம்"னு ஒரு வரி எழுதிக் கொடுத்திருந்தாக்கூட அடுத்த படி ஏறியிருப்போம். ஒண்ணுமே தராம வெச்சிருந்தா எதை எதிர்த்து அப்பீல் போறது?

வேலந்தாவளம்காரன்:
பேசாம மலையாள மீடியத்துக்கு மாத்திருங்க. கேரளாவோட 2017 மலையாள மொழிச் சட்டத்துக்கு அப்புறம் மலையாளம் எல்லாப் பள்ளியிலயும் கட்டாயம்தானே.

தேவிகுளம் தங்கராசு:
மலையாளம் படிக்க மாட்டோம்னு இங்க யாரும் சொல்லல அண்ணே. மொழிப் பாடமாப் படிக்கிறது ஒண்ணு, பின்னக் கணக்கைப் புரியாத மொழியில கேட்கிறது இன்னொண்ணு. தொடக்கக் கல்வி தாய்மொழியில கிடைக்க ஏற்பாடு செய்யணும்னு அரசியல் சாசனம் 350ஏ சொல்லுது. எஸ்டேட்ல எங்க ஆளுங்க ஒருநாள் கூலியை விட்டுட்டுத்தான் ஆபீஸ் படி ஏறணும். அங்க போனா "அடுத்த வாரம் வா". இப்படி இழுத்தா யாரு புகார் கொடுக்க வருவாங்க?

சித்தூர் மாஷ்:
32ஆம் பிரிவுப்படி புகார் உள்ளாட்சி அமைப்புக்குத்தான் போகணும். நீங்க கொடுத்தது ஏஇஓவுக்கு.

கொழிஞ்சாம்பாறை அம்மா:
அதை வாங்கும்போதே சொல்லியிருக்கலாமே! தகவல் உரிமைச் சட்டத்துல, இடம் மாறி வந்த விண்ணப்பத்தை 5 நாளுக்குள்ள உரிய இடத்துக்கு அனுப்பணும்னு விதி இருக்கு. புள்ளைங்க படிப்புக்கு அந்த அக்கறை வேண்டாமா?

சித்தூர் மாஷ்:
அது நியாயம்தான். பஞ்சாயத்துக்குத் தனியா எழுதிக் கொடுத்து ரசீது வாங்குங்க. பழைய மனு யார் மேசையில இருக்குன்னு தகவல் உரிமையில கேளுங்க, 30 நாள்ல பதில் தந்தாகணும். ஆனா டீச்சர் பற்றாக்குறைக்கு அந்த ஆபீஸைக் குறை சொல்றதை நான் ஏத்துக்க மாட்டேன்.

கொழிஞ்சாம்பாறை அம்மா:
எழுதறேன். மனு கிடந்ததுக்கு மட்டும் அந்த ஆபீஸ்தாங்க பொறுப்பு, அதை விடமாட்டேன்.

தேவிகுளம் தங்கராசு:
அக்கா, எழுதினதும் இங்க ஒரு நகல் போடுங்க. எங்க பக்கமும் அதே மாதிரி கொடுக்கிறோம்.